தொண்டை நாட்டுத் தெருக்கள் – 9: பொன் உரைத்த வீதி

சென்ற இதழில் காஞ்சியின் நெசவாளர் குடியிருப்புகளைச் சுற்றி வந்தோம். கம்புழான்பாடி, அதிமானப்பாடி முதலான நான்கு பகுதிகளின் மக்களும் சோழநியமத்தாரும் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் வரவு செலவில் பொறுப்பேற்றதை உத்தம சோழனின் செப்பேடுகள் வழியே பார்த்தோம். கச்சிப்பேட்டுக் கடைகளில் நிறுத்து விற்ற பொருளுக்கும் அளந்து விற்ற பொருளுக்கும் தண்டிய கூலி அந்தக் கோயிலின் திருவிழாச் செலவுக்குப் போனது. கடைத்தெருவும் கோயிலும் ஒன்றையொன்று தாங்கி நின்ற கதை அது.

அந்தக் கதையின் தொடர்ச்சி காஞ்சிக்குத் தெற்கே, சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நெல்வயல்களும் ஏரிக்கரைகளும் மாறி மாறி வரும் சாலையில் போனால் உத்திரமேரூர். இந்தப் பெயரைக் கேட்டதும் நம் பள்ளிப் பாடம் நினைவுக்கு வரும்: குடவோலை, முதலாம் பராந்தக சோழன், முப்பது குடும்புகள். 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் இந்த ஊரின் பெயர் ஒலித்தது. அந்தப் பெருமையில் ஐயமில்லை. ஆனால் இங்குள்ள கல்வெட்டுகள் நூற்றுக்கும் மேல். குடவோலை முறையைச் சொல்பவை அவற்றில் இரண்டே. மற்றவற்றில் பெரும்பங்கு தெரு, வாய்க்கால், ஏரி, விளக்கு, எண்ணெய், பொன் என்று அன்றாட வாழ்வைப் பேசுகிறது. இந்த வாரம் அந்தக் கல்வெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடப்போம்.

அளந்து போட்ட ஊர்

எட்டாம் நூற்றாண்டின் நடுவில், இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன் காலத்தில், உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்ற பெயரில் வேதம் ஓதும் அந்தணர்களுக்காக இந்த ஊர் அமைந்தது. காளியூர்க் கோட்டத்துக்குள் இருந்தும், தனக்கென்று ஒரு கூறாக நின்ற தனியூர் இது.

திட்டமிட்டு எழுப்பிய ஊர் என்பதற்குக் கல்வெட்டுகளில் வரும் நில அடையாளமே சான்று. ஒரு துண்டு நிலத்தைக் குறிக்க வேண்டுமானால், இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று எழுதினார்கள். வதிகள் என்ற பாதைகள் ஒரு திசையில் ஓட, வாய்க்கால்கள் அவற்றுக்குக் குறுக்கே ஓடின. இடைப்பட்ட நிலம் கட்டம் கட்டமாகப் பிரிந்து எண் பெற்றது. பக்கத்து வயல்காரன் பெயரைச் சொல்லி எல்லை காட்ட வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது. பெயர் மாறலாம், வயல் கைமாறலாம். வதியும் வாய்க்காலும் இடம் மாறுவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சர்வே எண் போல ஒரு முறையை வைத்துக்கொண்டு பத்திரம் எழுதிய ஊர் இது.

குடியிருப்புப் பகுதி பன்னிரண்டு சேரிகளாக இருந்தது. ஊராட்சிக்காக வகுத்த முப்பது குடும்புகள் வேறு, இந்தப் பன்னிரண்டு சேரிகள் வேறு. வாரியங்கள் என்ற ஊராட்சிக் குழுக்களில் பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் ஆள் எடுக்கும்போது சேரிக் கணக்கும் பார்த்தார்கள் என்று பராந்தகன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. எந்தத் தெருவும் விடுபடாமல் பன்னிரண்டு சேரிக்கும் பன்னிரண்டு பேர். அவர்களில் ஆறு பேர் பஞ்சவார வாரியம், ஆறு பேர் பொன் வாரியம். பொன்னைப் பற்றிய பொறுப்பு ஒரே தெருவில் குவிந்துவிடக் கூடாது என்ற கவனம் இதில் தெரிகிறது.

சபை மண்டபத்துச் சுவர்

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில்தான் அன்று சபை கூடிய மண்டபம். இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. உள்ளே நடுத்தூண் ஒன்றும் இல்லாத அகன்ற கூடம். வெளிச்சுவரின் கருங்கல் பலகைகளில் வரி வரியாக எழுத்து. பராந்தகனின் 12-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் இங்கேதான் உள்ளன. முறையே கி.பி. 919, 921. முதல் முறை அரசன் ஆணையுடன் வந்திருந்தவர் தத்தனூர் மூவேந்த வேளான். இரண்டாம் முறை வந்தவர் சோழநாட்டுச் சோமாசிப் பெருமான்.

இரண்டே ஆண்டுகளில் விதியைத் திருத்தி மறுபடி எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது? கெட்டவர்கள் கெட்டு, நல்லவர்கள் தழைக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் கல்வெட்டே சொல்கிறது. அதன் விதிகளில் மிகக் கடுமையானவை கணக்கைப் பற்றியவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக் கூடாது. அவன் மட்டும் அல்ல, அவன் நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. ஊர்க்கணக்கு எழுதுபவர், தாம் எழுதிய கணக்கை ஒப்படைத்து நேர்மையானவர் என்று தேறிய பிறகே மறுபடி கணக்கில் கைவைக்கலாம்.

இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: குடத்துக்குள் போன ஓலைகள் எல்லாருடைய ஓலைகளும் அல்ல. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், மந்திர பிராமணம் ஓதிய அறிவு என்பவை தகுதிகள். வேதமும் பாஷ்யமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். ஆக, நிலமுள்ள அந்தண ஆண்களின் சபை அது. பெண்களுக்கு அதில் இடமில்லை. உழுதவருக்கும் நெய்தவருக்கும் எண்ணெய் ஆட்டியவருக்கும் இடமில்லை. இதை மறைத்துவிட்டு உத்திரமேரூரைப் புகழ்ந்தால் அது முழு வரலாறு ஆகாது.

ஆனால் இதே சபை, ஒரு காரியத்தில் மட்டும் தன் வட்டத்தைத் தாண்டிக் கடைத்தெருவில் போய் ஆள் தேடியது. அந்தக் காரியம் பொன்னின் மாற்றுப் பார்ப்பது.

உரைகல்லும் மெழுகும்

அந்தக் காலத்தில் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் நெல்லிலும் பொன்னிலும் நடந்தது. நிலம் விற்பது, விளக்குக்கு முதல் வைப்பது, ஊருக்குத் தண்டம் கட்டுவது எல்லாம் கழஞ்சுக் கணக்கில்தான். ஒரு கழஞ்சு என்றால் 20 மஞ்சாடி எடை. எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. செம்போ வெள்ளியோ கலந்த பொன்னும் அதே எடை காட்டும். கோயிலுக்கு ஒருவர் பத்துக் கழஞ்சு வைத்தால், அது எந்த மாற்றுப் பொன் என்பதை யாராவது உறுதி சொல்ல வேண்டும். அந்த ஒருவரின் வாய்ச்சொல்லில் ஊர்ச் சொத்தே தொங்கியது.

மாற்றுப் பார்க்கும் முறை எளியது. கை பழகத்தான் காலமாகும். கறுத்து வழவழப்பான உரைகல்லில் பொன்னை ஒரு முறை இழுத்தால் கோடு விழும். மாற்று முன்பே தெரிந்த பொன்னை அதன் பக்கத்தில் இழுத்து இரண்டு கோட்டின் நிறத்தையும் ஒப்பிட வேண்டும். செம்பு கூடினால் கோடு சிவக்கும். வெள்ளி கூடினால் வெளுக்கும். இந்த நுண்ணிய நிற வேறுபாட்டைப் பிடிக்கத் தேர்ந்த கண் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நண்பனின் பொன்னுக்கும் பகைவனின் பொன்னுக்கும் ஒரே மாற்றைச் சொல்லும் மனம் வேண்டும்.

பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஒன்று இதற்கான ஏற்பாட்டை விரிவாகப் பதிந்திருக்கிறது. பொன் பார்க்கத் தெரிந்தவர்களில், மாடவீதியில் குடியிருந்து வரி கட்டுபவர்களிலிருந்து நான்கு பேர், சேனையிலிருந்து இரண்டு பேர், சங்கரப்பாடியாரிலிருந்து மூன்று பேர். சங்கரப்பாடியார் என்போர் எண்ணெய் வணிகர்கள். எண்ணெய் விற்பவரும் படைவீரரும் மாடவீதிவாசியும் ஒரே கல்லைச் சுற்றி உட்கார்ந்து ஊரின் பொன்னுக்கு மாற்றுச் சொன்னார்கள். வேதம் கற்றவர்களின் சபை, இந்தத் தொழிலில் தங்களைவிடத் தேர்ந்தவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்பதை ஏற்றுக்கொண்டது. வெவ்வேறு குழுவிலிருந்து எடுத்ததால் ஒருவர் தவறினால் மற்றவர் கண்ணுக்குத் தப்பாது.

கூலியும் வரையறுக்கப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சம்வத்சர வாரியத்திடமிருந்து ஏழு மஞ்சாடிப் பொன். ஒரு கழஞ்சில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். பொன் கொண்டுவருபவரிடம் கைநீட்டாமல் ஊரிடமே கூலி பெறும் முறை இது. மாற்றுச் சொல்பவர் யாருக்கும் கடன்பட்டிருக்கக் கூடாது என்பதைச் சபை புரிந்துவைத்திருந்தது.

இனி வருவதுதான் இந்தக் கல்வெட்டில் என் மனத்தை முழுவதும் கவர்ந்த செய்தி. பொன்னை உரைக்கும்போது கல்லில் நுண்துகள் ஒட்டும். அதை மெழுகால் ஒற்றி எடுப்பது பொற்கொல்லர் வழக்கம். ஒரு நாளில் சேர்வது கண்ணுக்கே தெரியாத அளவு. மாதக்கணக்கில் சேர்ந்தால் அதுவும் பொன்தான். அந்த மெழுகை உரைப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏரிவாரியப் பெருமக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தார்கள். கடைத்தெருவில் உரைத்த பொன்னின் தூள் ஏரியின் கணக்கில் சேர்ந்தது!

இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் மன்னன் பொன், வெள்ளிப் பொருள்களின் தரத்துக்குச் சட்டம் செய்தது 1300-ஆம் ஆண்டில். தேறிய பொருளில் சிறுத்தைத் தலை முத்திரை வைக்கும் வழக்கம் அப்போது தொடங்கியது. நம் நாட்டில் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமாகத் தொடங்கியது 2021 ஜூன் 16-இல். பத்தாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தொண்டை நாட்டின் ஓர் ஊர், அரசன் சொல்லக் காத்திராமல், தானே கூடித் தன் பொன்னுக்குத் தரம் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்து, கூலியும் வைத்து, மெழுகுக்கும் கணக்குக் கேட்டிருக்கிறது. குடவோலைக்குக் கொடுக்கும் இடத்தை இந்த உரைகல்லுக்கும் நம் பாடப்புத்தகங்கள் கொடுக்க வேண்டும்.

எண்ணெய், விளக்கு, வீதி

சங்கரப்பாடியார் பொன் பார்க்கும் அளவுக்கு எப்படி நம்பிக்கை பெற்றார்கள்? ஊரின் கோயில்களைப் பார்த்தால் விடை கிடைக்கும். சுந்தரவரதப் பெருமாள் கோயில், கயிலாசநாதர் கோயில், பாலசுப்பிரமணியர் கோயில் எனப் பெரிய கோயில்கள் பல. ஒவ்வொன்றிலும் அணையாமல் எரிய வேண்டிய நுந்தாவிளக்குகள். ஒருவர் ஆடு விடுவார், இன்னொருவர் பொன் வைப்பார், வேறொருவர் நிலம் எழுதுவார். அந்த முதலை வாங்கிக்கொண்டு, நாள்தோறும் இவ்வளவு நெய், இவ்வளவு எண்ணெய் என்று சந்திரனும் சூரியனும் உள்ளவரை தருவதாக ஒப்புக்கொள்ள ஒரு கூட்டம் வேண்டும். தலைமுறை தாண்டியும் அந்த வாக்கைக் காப்பாற்றும் கூட்டமாக இருக்க வேண்டும். தமிழ்நாடெங்கும் விளக்குக் கொடைகளில் எண்ணெய் வணிகர் பெயர் வருவது இதனால்தான். நாள்தோறும் அளந்து ஊற்றிய கைக்கு ஊரில் வந்த மதிப்பு, பொன் உரைக்கும் இடத்திலும் அவர்களை உட்கார வைத்தது.

அந்த விளக்குகள் எரிந்த கோயில்களில் சுந்தரவரதர் கோயிலுக்குள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று தளங்களிலும் திருமால். கீழே நின்ற கோலத்தில் சுந்தர வரதர், நடுத்தளத்தில் அமர்ந்த கோலம், மேல்தளத்தில் பள்ளிகொண்ட கோலம். அட்டாங்க விமானம் என்ற அரிய அமைப்பு. பாடகத்துப் பரமேசுவரப் பெருந்தச்சன் இதை எழுப்பினான் என்று கல்வெட்டு கூறுகிறது. கட்டியவன் பெயரே கல்லில் நிற்கும் கோயில்கள் நம்மிடம் அதிகம் இல்லை. 1970-இல் பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் இந்த ஊரின் தொன்மம், வரலாறு, கோயில்கள் பற்றி எழுதிய நூலைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. ஆகமம் சொல்லும் ஊர் அமைப்பும் இங்குள்ள கோயில்கள் நிற்கும் இடமும் எப்படிப் பொருந்துகின்றன என்பதை அதில் விளக்கினார்கள்.

வீதி என்றால் விழாவுக்கு மட்டுமல்லவே. ஊரின் பாதை ஒன்று தண்ணீரில் மூழ்கி, மாடுகூட நடக்க முடியாத நிலை வந்தது. சபை கூடிப் பேசியது. குடிகளிடமிருந்து நிலத்தை விலைகொடுத்து வாங்கி, அகலமான புது வழி போடும்படி வாரியத்தாருக்குச் சொன்னது. மாட்டின் கால் சேற்றில் புதைவதும் அன்று கல்வெட்டில் ஏறத்தக்க செய்தியாக இருந்தது. நெல் மூட்டை வர வேண்டும், எண்ணெய் வித்து வர வேண்டும், சந்தைக்கு ஆள் வர வேண்டும். வழி அடைபட்டால் கடை அடைபடும்.

ஏரியில் முடியும் தெரு

இந்த ஊரில் எந்தக் கணக்கைத் தொட்டாலும் அது ஏரிக்குப் போய்ச் சேர்கிறது. தந்திவர்ம பல்லவனின் வைரமேகன் என்ற பட்டப்பெயரால் வைரமேக தடாகம் என்று அழைக்கப்பட்ட ஏரி அது. ஆண்டுதோறும் வண்டல் படியும். அதை வாரிக் கரையில் கொட்டாவிட்டால் ஏரியின் கொள்ளளவு குறையும், வயல் காயும். அதற்காகப் பொன்னும் நெல்லும் முதலாக வைத்தார்கள். அதன் வட்டியில் குழி வாரும் பணி நடந்தது. பொறுப்பு ஆறு பேர் கொண்ட ஏரிவாரியத்துக்கு. உரைகல் மெழுகும் அங்கே போய்ச் சேர்ந்ததன் காரணம் இப்போது விளங்கும். ஏரியில் நீர் இருந்தால்தான் நெல், நெல் இருந்தால்தான் கடை, கடை நடந்தால்தான் கோயிலில் விளக்கு. செய்யாற்றின் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து வரும் நீரை நம்பி இன்றும் உத்திரமேரூர் ஏரி பாசனம் தருகிறது.

அரசர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 949-இல் தக்கோலப் போருக்குப் பிறகு இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணன் தொண்டை நாட்டைப் பிடித்தான். அவன் பெயரிலும் இங்கே கல்வெட்டு உண்டு. பின்னர் பார்த்திவேந்திரவர்மன், மறுபடி சோழர், தெலுங்குச் சோழர், விசயநகரத்தார். ஊர் ஒரு காலத்தில் இராசேந்திரசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. வேறொரு காலத்தில் கண்டகோபாலச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. அரண்மனை வைத்த பெயர்களை மக்கள் நாவு ஒதுக்கிவிட்டு உத்தரமேருவையே உத்திரமேரூராகக் காத்துவைத்தது.

இன்றைய வீதி

இன்று இது ஒரு பேரூராட்சி, வட்டத் தலைநகர். சுற்றுக் கிராமங்களில் கல்யாணமோ காதுகுத்தோ என்றால் தங்கமும் துணியும் பாத்திரமும் வாங்க இந்தக் கடைவீதிக்குத்தான் வருகிறார்கள். நகைக்கடையில் வைத்திருக்கும் உரைகல்லும், அடகுக் கடையில் மாற்றுப் பார்க்கும் கையும், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்வெட்டு சொல்லும் அதே தொழிலின் தொடர்ச்சி. அந்தக் கல்வெட்டுச் சுவரிலிருந்து நடந்துபோகும் தொலைவில் அது நடக்கிறது.

2020 டிசம்பரில் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது படிக்கட்டுக்கு அடியிலிருந்து அரைக் கிலோவுக்கு மேல் பொன் கிடைத்தது. குடமுழுக்குக்குப் பிறகு அதை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று ஊர்மக்கள் வாதாடினார்கள். பிறகு அது அரசுக் கருவூலத்துக்குப் போனது. சட்டம் தன் வழியில் சென்றது சரி. ஆனால், ஊர்ப்பொன் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று தெருவில் நின்று கேட்ட அந்தக் குரலை நான் மதிக்கிறேன். சபை மண்டபத்தில் எழுந்த அதே கேள்வி அது.

1898 முதல் இந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் அச்சிட்டார்கள். நீலகண்ட சாஸ்திரி 1932-இல் வெளியான நூலில் இந்த ஊரை விரிவாக ஆராய்ந்தார். அறிஞர் உலகத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை. குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கப் பேருந்தில் வரும் மாணவர்கள், அந்தச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவர்களை மாடவீதிக்கும், நகைக்கடைக்கும், ஏரிக்கரைக்கும் அழைத்துப்போக வேண்டும். இந்தக் கல்லில் உரைத்த பொன்னின் தூள் அந்த ஏரிக்குப் போனது என்று கைகாட்டிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் எளிய தமிழில், அந்த இடத்துக்குரிய கல்வெட்டுச் செய்தியோடு ஒரு பலகை வைக்கப் பெரிய செலவு ஆகாது. பேரூராட்சியும் பள்ளிகளும் கைகோத்தால் ஓராண்டில் முடியும் வேலை. ஊரின் நேர்மை தேர்தல் நாளில் மட்டும் அல்லாமல் ஒவ்வொரு நாளும் கடைத்தெருவில் சோதிக்கப்பட்டது என்பதை அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள்.

அடுத்த இதழில் இந்த ஏரிக்கரை வழியே போவோம். வைரமேக தடாகத்துக்கு முதல் வைத்தவர்கள் யார், ஏரிவாரியம் அந்தப் பொன்னை எப்படிச் செலவழித்தது, கரை காத்தவர்களுக்கு ஊர் என்ன கொடுத்தது என்று பார்ப்போம்.

(தொடரும்)